நோயாளி எந்த வகைச் சரக்கு

கோவில்பட்டியில் கரிசல் வட்டார நோயாளர் ஊர்திக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோ ஏறி அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அலுவலகமே வந்துவிடும். கழகத்துக்கு ஒரு மேலாண்மை அலுவலர் உண்டு, ஒரு தொழில்நுட்ப ஆலோசகர் உண்டு, ஒரு சட்ட ஆலோசகர் உண்டு. மூவருக்கும் தனித்தனி அறை, அறைக்கொரு ஏசி. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளும் உண்டு. நோயாளர்களை ஏற்றிப்போக ஒரு பழைய வேனும் இருக்கிறதே என்று யாராவது ஞாபகப்படுத்தினால், ஆமாம் இருக்கிறது என்று மறுக்காமல் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த வேனின் டிரைவர் செய்யது அலி. வண்டி ஓட்டத் தெரியும், டயர் மாற்றத் தெரியும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் தெரியாது. இந்த ஒரு குறையினாலேயே கழகத்தில் அவருக்கு எந்தப் பதவி உயர்வும் கிடைக்கவில்லை.

காலையில் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை ஏற்றிவந்து கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் விட வேண்டும். அங்கே மெஷின் அவர்களுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும். இதுதான் அவர் வேலை. கடைசியாக ஏறுகிறவர் சங்கரபாண்டி. இன்னும் நாற்பது தாண்டாத சம்சாரி, உழுது பிழைத்தவர். காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் அந்த மெஷினில் படுக்காவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கால் வீங்கும், மூச்சு முட்டும். தொடர்ந்து தவறவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் அவர் மனைவி உமாராணியிடம் மறைக்காமலே சொல்லியிருந்தார்.

கோடையில் கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சங்கரபாண்டியின் வீட்டுக்குப் போகிற தடமும் அப்படித்தான். ஒருநாள் அந்த வெடிப்பில் பின்சக்கரம் விழுந்து எழுந்தபோது அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து நின்று குலுக்கலைத் தாங்குகிற இரும்புப் பட்டை இரண்டாக உடைந்திருந்தது. அலி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தன் மச்சான் பாரூக்கிடம் காட்டினார்.

பாரூக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “மச்சான், இந்த வண்டி அந்தக் காலத்துல ரெண்டு தினுசா வந்துச்சு. ஆள் ஏத்துத வண்டிக்கு மெல்லிசுப் பட்டை. சரக்கு ஏத்துத வண்டிக்கு கனத்த பட்டை, அடுக்கும் கூட. ரெண்டும் இதுல மாட்டும். நீங்க ஆளைத்தான ஏத்துதீங்க, மெல்லிச வாங்கிக்கிடுங்க. சாயங்காலத்துக்குள்ள மாட்டிரலாம்.”

அலி அப்படியே வாங்கியிருக்கலாம். ஆனால் விசுவாசமான ஊழியர் ஆயிற்றே. அலுவலகத்துக்குப் போய் மேலாண்மை அலுவலர் கோபாலசாமியிடம் பட்டை உடைந்ததைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், கடையில் பட்டை இரண்டு தினுசு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். தேர்வு செய்ய ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தேர்வுக் குழு அமைக்காமல் சும்மா இருக்க அது என்ன சாதாரண அலுவலகமா?

“இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை, அலி” என்றார் கோபாலசாமி. “தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு முடிவும் எடுத்ததில்லை. என் பணிக்காலத்தில் என் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லாததற்கு அதுதான் காரணம். நீங்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

குழுவில் அவரோடு மற்ற இருவரும் சேர்க்கப்பட்டார்கள். தொழில்நுட்ப ஆலோசகர் கிருஷ்ணப்ரியா முனைவர் பட்டம் வாங்கியவர். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். உப்புப் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்ற உறவின் முறையில் அவர் வேன் பட்டைக்கும் நிபுணர் ஆனார். சட்ட ஆலோசகர் உச்சிமாகாளி சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். ஏசி அறைக்குள்ளேயே இருக்கிறவருக்கு சித்திரை ஏது, மார்கழி ஏது.

குழு அமைவதற்குச் சில நாள் ஆயிற்று, கூடுவதற்கு அதைவிட அதிக நாள் ஆயிற்று. அதுவரை வேன் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சங்கரபாண்டியை உமாராணி லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கூட்டிவந்தாள். ஒரு முறை லோடு ஆட்டோ கல்யாணச் சாமான் ஏற்றப் போய்விட்டதால் வர முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் உள்ளவர்களே பயந்துவிட்டார்கள். அலி தினமும் மேலாண்மை அலுவலரின் அறை வாசலில் போய் நின்றார். தினமும் அவரை உட்காரச் சொன்னார்கள்.

கூட்டம் ஒருவழியாகக் கூடியது. ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாய் வைக்கப்பட்டது. அலியைச் சாட்சியாக உள்ளே அழைத்தார்கள். நோயாளி பயணியா, சரக்கா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் பட்டை தானாகவே தீர்மானமாகிவிடும் என்று உச்சிமாகாளி ஆரம்பித்தார். இதில் தீர்மானிக்க என்ன இருக்கிறது என்று அலிக்குப் புரியவில்லை.

“நோயாளிகள் வேனில் தாங்களாக ஏறுகிறார்களா, ஏற்றப்படுகிறார்களா?” என்று கேட்டார் உச்சிமாகாளி.

“ஏறுதவிய ஏறுவாவ சார். ஏலாதவியள நாங்க தூக்கி ஏத்துவோம். சங்கரபாண்டிய எப்பவும் தூக்கித்தான் ஏத்தணும்.”

இறக்குவதும் அப்படித்தானா என்று கேட்டார். அப்படித்தான் என்றார் அலி. நடுவழியில் இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கிக்கொள்வார்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நடுவழியில் இறங்கி என்ன செய்வார்கள் என்றார் அலி. டிக்கெட் எடுக்கிறார்களா என்று கேட்டார். அது ஏது நம்ம வண்டியில் என்றார் அலி. போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுகிறார்களா என்பது கடைசிக் கேள்வி. நர்சம்மா போடுவார்கள் என்றார் அலி. தன் பதில்களெல்லாம் உண்மையாக இருந்தும் அவை எங்கேயோ தப்பான இடத்துக்குப் போகின்றன என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

உச்சிமாகாளி எழுந்து நின்றார். “டிக்கெட் வாங்குகிறவன் பயணி. விரும்பிய இடத்தில் இறங்குகிறவன் பயணி. ஓரிடத்தில் ஏற்றப்பட்டு, இன்னோர் இடத்தில் இறக்கப்பட்டு, கையெழுத்தின் பேரில் ஒப்படைக்கப்படுவதற்குச் சட்டம் வேறு பெயர் வைத்திருக்கிறது. எனக்கு நோயாளிகள் மீது மிகுந்த இரக்கம் உண்டு. ஆனால் இரக்கத்தை வைத்துக்கொண்டு இரும்பு வாங்க முடியாது.”

கிருஷ்ணப்ரியாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆடு, மாடு, கோழி என்று உயிருள்ள சரக்கும் இருக்கிறதே, நோயாளிகள் அந்த வகையில் வருவார்களா என்று கேட்டார். நல்ல கேள்வி என்று கோபாலசாமி பாராட்டினார். உயிருள்ள சரக்குக்கு வழியில் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது விதி, இந்த நோயாளிகள் தண்ணீர் குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆகவே அந்த வகையில் சேர்க்க வழியில்லை என்று உச்சிமாகாளி விளக்கினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடலைமிட்டாய் தட்டு காலியாகியிருந்தது.

சரக்கு வண்டிக்கான கனத்த பட்டையைக் கட்டிக் கொடுக்கும்போது பாரூக் மச்சானை ஒரு மாதிரி பார்த்தார். அலி அதை வாங்கி வண்டியில் மாட்டவைத்தார். வேனுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கனத்தது நல்லதா மெல்லியது நல்லதா என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும் என்று கோபாலசாமி பேசினார். எந்தக் குழந்தையையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது கூத்து. மூடை மூடையாக ஏற்றினால்தான் வளைந்துகொடுப்பேன் என்கிற பட்டை அது. நாலைந்து வற்றல் உடம்புகளுக்கு அது வளையுமா? கல் ஒன்று தட்டுப்பட்டால் போதும், வண்டி துள்ளியது. பின்னால் இருந்தவர்களின் தலை கூரையில் இடித்தது. போகும்போது இப்படி என்றால் திரும்பும்போது இன்னும் மோசம். கையில் ஊசி எடுத்த இடம் குலுக்கலில் திறந்துகொண்டு சங்கரபாண்டிக்கு ரத்தம் வந்தது. அலி வண்டியை ஓரங்கட்டி, தன் துண்டைக் கிழித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு எதிரில் ஒரு கறுப்புக் கோட்டுத் தென்பட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்ல முடியாது.

உமாராணி கழகத்தில் புகார் கொடுத்தாள். புகாரைக் கண்டு கழகம் சோர்ந்துவிடவில்லை. கிருஷ்ணப்ரியா ஒரு எடை மெஷினோடு வந்து நோயாளிகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நிறுத்துப் பார்த்தார். மறு கூட்டத்தில் தன் கண்டுபிடிப்பை மூச்சுவிடாமல் வாசித்தார்.

“பட்டையில் எந்தக் குறையும் இல்லை. குறை எடையில் இருக்கிறது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடை கூடுதலாகவும், திரும்பும்போது குறைவாகவும் இருக்கிறார்கள். திரும்பும்போதுதான் குலுக்கல் அதிகம் என்று புகார்தாரரே சொல்கிறார். ஆகவே நம்முடைய சரக்கிலிருந்து நம்மைக் கேட்காமல் எடையை எடுக்கிற ஆஸ்பத்திரியிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும்.”

எடுப்பது அவர்கள் உடம்பில் கோத்திருந்த கெட்ட நீர் என்றும், அதை எடுக்கத்தான் அவர்கள் போகிறார்கள் என்றும் அலி வாசலில் நின்றபடி சொன்னார். அது மருத்துவம், நாம் பேசுவது போக்குவரத்து என்று அவருக்குச் சொல்லப்பட்டது. விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வேறு வேலை இருந்ததால் பதில் வரவில்லை.

பதில் வரும்வரை குறைகிற எடையைக் கழகமே ஈடுகட்டுவது என்று முடிவாயிற்று. ஆற்றுமணல் எடுக்கத் தடை இருப்பதால் கரிசல் மண்ணையே மூடைகளில் கட்டி வேனில் ஏற்ற வேண்டும். மண் எடுக்க வந்த ஆட்கள் எங்கே எடுப்பது என்று சுற்றிப் பார்த்தார்கள். தரிசாகக் கிடந்த சங்கரபாண்டியின் காடு கண்ணில் பட்டது. உமாராணி ஓடிவந்து கேட்டதற்கு, எல்லாம் உன் வீட்டுக்காரருக்காகத்தானே அம்மா என்றார்கள்.

மூடைகளை வைக்க இடம் வேண்டுமே, பின் இருக்கைகளைக் கழற்றினார்கள். வைத்துப் பார்த்தால் அப்படியும் கொஞ்சம் துள்ளியது. எல்லா இருக்கைகளையும் கழற்றிவிட்டு மூடைகளைப் பரப்பினார்கள். முன்சீட்டில் கோபாலசாமி ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து கழுகுமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வந்தார். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. இறங்கி வந்து டீயைக் குடித்துவிட்டு, கழகத்தின் வரலாற்றிலேயே இது பொன்னான நாள் என்றார்.

நோயாளிகள் எங்கே உட்காருவது என்று அலி கேட்டார். மீதி இருக்கிற இடத்தில் என்றார் கோபாலசாமி. மீதி இடம் இல்லையே என்றார் அலி. அது நோயாளிகள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார் கோபாலசாமி. வேன் தவறாமல் தன் தடத்தில் போய்வர வேண்டும் என்று மட்டும் உத்தரவாயிற்று.

இப்படியாக அலி தினமும் மூடைகளை பசுவந்தனைப் பக்கம் கொண்டுபோய், அதே மூடைகளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, திரும்பவும் பசுவந்தனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நோயாளிகள் வேனைப் பார்த்துவிட்டு, பஸ்ஸையோ மோட்டார் சைக்கிளையோ தேடிப் போனார்கள். அதற்கும் முடியாதவர்கள் வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். வேனுக்குள் இருந்த யாரும் புகார் சொல்லவில்லை. புகாரே இல்லாத ஊர்தி என்று கழகம் மேலிடத்துக்கு எழுதியது. மேலிடத்துக்கு ஒரே சந்தோஷம். நேரில் பார்த்துப் பாராட்ட ஒரு பார்வைக் குழு வருவதாகத் தகவல் வந்தது.

பார்வைக் குழு வருகிற அன்று சங்கரபாண்டியின் முறை. அதற்கு முந்தின முறை லோடு ஆட்டோ கிடைக்காமல் தவறிவிட்டது. அலி வழக்கம்போல மூடைகளோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது, சங்கரபாண்டி முகம் ஊதிக் கண் இடுங்கிப்போய்க் கிடந்தார். பேச மூச்சு இல்லை. இருந்தும் அலியைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

“அண்ணாச்சி, இனிமே இங்கன வண்டியக் கொண்டாராதீங்க. வண்டியப் பாத்தா எனக்குப் போவணும்னு ஆசை வருது.”

செய்யது அலி அதுவரை ஒரு உத்தரவையும் மீறாதவர். உமாராணியைத் தலைமாட்டில் பிடிக்கச் சொல்லி, தான் காலைப் பிடித்துத் தூக்கி, அந்த மண்மூடைகளின் மேலேயே அவரைப் படுக்கவைத்தார். உமாராணியும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்காகப் போயிற்று. தன் காட்டு மண்ணின் மேல் சங்கரபாண்டி ஆடாமல் அசையாமல் கோவில்பட்டி வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்வைக் குழுவும் கழகத்தார் மூவரும் மாலையோடு நின்றிருந்தார்கள். கோபாலசாமி பெருமையாகப் பின்கதவைத் திறந்தார். உள்ளே மனுஷன்.

கோபாலசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. “சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். டிரைவர் மேலும், ஏறிய ஆள் மேலும் நடவடிக்கை எடுக்கப் போகிறேன்” என்று பேனாவை எடுத்தார்.

சங்கரபாண்டி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். “எடுங்க சார். நான் ஆளுதான்னு எழுதி, கீழ கையெழுத்தப் போட்டுக் குடுங்க. அது போதும்.”

உச்சிமாகாளி பாய்ந்து வந்து கோபாலசாமியின் காதில் குசுகுசுத்தார். ஆள் என்று எழுதிவிட்டால் பயணி ஆகிவிடுவான். பயணி ஆகிவிட்டால் வாங்கிய பட்டை தப்பு. பட்டை தப்பு என்றால் கையெழுத்துப் போட்ட மூவர் கதியும் அதோகதி. கோபாலசாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பார்வைக் குழுவின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“மாதிரி எடை” என்றார். “மூடைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு வடிவத்தில் வைத்துச் சோதனை செய்கிறோம்.”

பார்வைக் குழுவின் தலைவர் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவராம். கையை நீட்டி சங்கரபாண்டியின் கெண்டைக்காலை ஒரு விரலால் அழுத்தினார். நீர் கோத்த கால் அல்லவா, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. “கொஞ்சம் ஈரமாக இருக்கிறது” என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

“கைய எடுய்யா” என்றாள் உமாராணி.

உள்ளேயிருந்து நர்சம்மா சங்கரபாண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இங்கன இருக்கேன் என்று அவர் பதில் குரல் கொடுத்தார். தூக்க வந்த அலியின் கழுத்தில் ஒரு கையைப் போட்டு, உமாராணியின் தோளில் ஒரு கையைப் போட்டு, தானே காலைத் தரையில் ஊன்றி இறங்கினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே உள்ளே போனார். மெஷின் காலியாக இருந்தது. அன்றைக்கு அவர் பிழைத்துக்கொண்டார்.

பார்வைக் குழு அன்றே அறிக்கை கொடுத்துவிட்டது. வேன் குலுங்காமல் வருகிறது, பட்டைத் தேர்வு மிகச் சரியானது, மற்ற வட்டாரங்களும் இதைப் பின்பற்றலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு குறையைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். சோதனையின்போது எடைகளில் ஒன்று தானாக இறங்கிப் போய்விட்டது. இனிமேல் எடைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

எந்த வகைக் கயிறு வாங்குவது என்று தீர்மானிக்கக் கிருஷ்ணப்ரியா தலைமையில் கழகம் உடனே ஒரு குழுவை அமைத்தது. சங்கரபாண்டியின் அடுத்த முறை வெள்ளிக்கிழமை. அதற்குள் கயிறு வந்துவிடும் என்று கோபாலசாமி அலியிடம் உறுதியாகச் சொன்னார்.